குளிரறைக்குள் ஒரு கணித மாணவி

பொய் சொல்வதற்கு நீளமான வசனம் வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடம் வரலாம். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மிகப் பெரிய பொய்யில் இரண்டே இரண்டு எழுத்துகள்தான் இருந்தன: ‘ஓம்’, அதாவது ஆமாம். அதைக்கூட ஒழுங்காக வாயைத் திறந்து சொல்லவில்லை, முனகினேன். அந்த முனகல் கடைசியில் ஒரு தீயணைப்பு வண்டியையும், பனிக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற இருநூறு முந்நூறு பேரையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஒஸ்லோவில் வெஸ்ட்லியில், நிலத்தடி ரயில் இதற்குமேல் போக இடமில்லை என்று நின்றுவிடும் இடத்தில், ஏழாவது மாடியில் எங்கள் வீடு. அப்பா நகரத்தின் நடுவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். அம்மா ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளர். நான் ஒரே பிள்ளை. ஆகையால் இருவருடைய கனவுகளும் பங்கு பிரியாமல் முழுதாக என் தலையில் இருந்தன.

அப்பாவின் கனவு கணிதம். இலங்கையில், பள்ளியின் கடைசி வகுப்பான உயர்தரத்தில், கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. அவர் நோர்வேக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பயணப் பையும், தலைக்குள் பாதியில் நின்றுபோன ஒரு நுண்கணித அத்தியாயமும் இருந்தன. மீதி அத்தியாயத்தை நான் முடிப்பேன் என்று அவர் நம்பினார்.

எனக்கோ கணிதத்தில் இரண்டு. நோர்வேயில் ஒன்றிலிருந்து ஆறுவரை புள்ளி போடுவார்கள். ஆறு என்றால் கெட்டிக்காரி. இரண்டு என்றால், ‘இந்தப் பிள்ளையைச் சித்தியடைய விடுகிறோம், ஆனால் எங்களுக்கு அதில் சந்தோஷமில்லை’ என்று அர்த்தம். (வீட்டில் அந்த இரண்டை ‘இந்த முறை வகுப்பு முழுக்கவே குறைவு’ என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். மூன்று வருடமாக.)

பத்தாம் வகுப்பில், பனி கொட்டும் மாரிகாலத்தில், பள்ளிக்கூட ஆலோசகர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரன்டி என்று ஒரு அம்மா, கம்பளிச் சட்டை, மேசையில் எப்போதும் ஆறிப்போன கோப்பி. மேற்படிப்புக்கு மார்ச் முதலாம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மூன்று தெரிவுகள் போடலாம் என்று விளக்கினார். ஒரு பாதை பல்கலைக்கழகத்துக்குப் போகும் பொதுக்கல்வி. மற்றப் பாதை தொழிற்கல்வி: இரண்டு வருடம் பள்ளிக்கூடம், இரண்டு வருடம் வேலையிடத்தில் பயிற்சி, முடிவில் ஒரு தொழிற்சான்றிதழ். தச்சு, மின்னியல், தலைமுடி அலங்காரம், தாதிமை உதவி, சமையல் என்று ஒரு பெரிய தாளை விரித்துக் காட்டினார்.

“உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என்னவாக வரப்போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்னிடம் மனப்பாடம் செய்த பதில் இருந்தது. இது பாடத்திட்டத்துக்கு வெளியே வந்த கேள்வி. யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“சாப்பாடு.”

ரன்டி சிரிக்கவில்லை. அந்தத் தாளில் ஒரு பெட்டியைச் சுற்றி வட்டம் போட்டார். அடுத்த வாரம் ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் திறந்த நாளுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். கறுவாப்பட்டை மணக்கிற சூடான பணிஸ் ரொட்டி ஒன்றைக் கையில் தந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மாணவி, கிறீம் நிரப்பிய பையை என் கையில் கொடுத்து, “நீயும் பிழிந்து பார்” என்றாள். நான் பிழிந்த பூ, லொறி ஏறிய தவளை மாதிரி இருந்தது. அவள் அதை அப்படியே வாயில் போட்டுவிட்டு, “ருசி சரி, வடிவம் பழகலாம்” என்றாள். மூன்று வருடக் கணித வகுப்பில் எனக்குக் கிடைக்காத ஒரு வசனம் அது.

நோர்வேயில் பதினைந்து வயதானால் எதைப் படிப்பது என்று பிள்ளையே முடிவு செய்யலாம், அது நாட்டுச் சட்டம். எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்கட்டும் என்று, பள்ளிக்கூட நூலகக் கணினியில் தனியாக உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பினேன். முதலாம் தெரிவு சமையல். இரண்டாம் தெரிவு பொதுக்கல்வி. இரண்டாவதுதான் கிடைக்கும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிவராது என்று ஒரு துணிவு.

யூலையில் முதலாம் தெரிவே கிடைத்தது.

அந்தக் காலையில் அப்பா வரவேற்பறைக் கம்பளத்தைத் தூசு உறிஞ்சியால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். அது விமானம் கிளம்புவதுபோலச் சத்தம் போடும் பழைய இயந்திரம்.

“என்ன பிள்ளை, முடிவு வந்திட்டுதோ?” என்று அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“ஓம் அப்பா.”

“என்ன கிடைச்சது?”

இந்த இடத்தில் ஒரு சின்ன மொழிப் பாடம் தேவைப்படுகிறது. நோர்வே மொழியில் உணவுக்கு ‘மாத்’ என்று பெயர். கணிதத்துக்கு ‘மத்தெ’. துறைக்கு ‘ஃபாக்’. ஆக, எனக்குக் கிடைத்தது மாத்ஃபாக். நான் மனச்சாட்சிப்படி, தெளிவாக, “மாத்ஃபாக்!” என்றுதான் கத்தினேன்.

அப்பா இயந்திரத்தை நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது. அவருடைய முகம், நான் அதுவரை பார்த்திராத ஒரு முகமாக இருந்தது.

“மத்தெஃபாக்கோ?” என்றார் மெதுவாக. “மத்தெயோ பிள்ளை?”

அந்த முகத்தைப் பார்த்து ‘இல்லை அப்பா, சாப்பாடு’ என்று சொல்லக்கூடிய துணிச்சல்காரிகள் உலகத்தில் இருக்கலாம்.

“ம்... ஓம்,” என்று முனகினேன்.

அப்பா மீண்டும் இயந்திரத்தைப் போடவில்லை. நேராகத் தொலைபேசியிடம் போனார்.

அன்று பின்னேரத்துக்குள் ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்பாவின் நம்பரைத் தெரிந்த அத்தனை பேருக்கும் நான் கணித மேதையாகிவிட்டேன். முதலில் செய்தி போனது பக்கத்துப் பகுதியான குரோருட்டில் இருந்த சிவம் மாமாவுக்கு. அவர் உறவில்லை, அப்பாவோடு ஒரே நாளில் நோர்வேக்கு வந்து இறங்கியவர். அது உறவைவிட மேல். அவருக்கு என்னைவிட ஒரு வயது இளைய ஒரு மகள், பெயர் அபி. பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறாள்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமையளிலை எங்கடை அபிக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் குடுக்கட்டுமே” என்றாராம் சிவம் மாமா.

“அதுக்கென்ன, சந்தோசமாச் சொல்லிக் குடுப்பாள்” என்றாராம் என்னுடைய அப்பா.

முதல் ஞாயிற்றுக்கிழமை குரோருட் வீட்டின் சாப்பாட்டு மேசையில், அபி தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து ஒரு சமன்பாட்டைக் காட்டினாள். நான் அதை வெகுநேரம் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

“அக்கா, உங்களுக்கு இது விளங்கேல்லை, என்ன?” என்றாள் அபி, குரலைத் தாழ்த்தி.

“இல்லை.”

“எக்ஸை இந்தப் பக்கம் கொண்டு வரோணும்” என்று எனக்குச் சொல்லித் தந்தாள். பதினைந்து நிமிடத்தில் என்னிடமிருந்து முழு உண்மையையும் கறந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருக்க வாரம் நான்கு கறுவாப் பணிஸ் என்று ஒப்பந்தமானது. அந்த மாரி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அபி எனக்குக் கணக்குப் படிப்பித்தாள். நான் அவளுக்குப் பணிஸ் கொண்டுபோனேன். பக்கத்து அறையில் சிவம் மாமா, “பிள்ளையள் சத்தமில்லாமல் படிக்கினம்” என்று மாமியிடம் பெருமைப்பட்டார்.

பள்ளிக்கூடத்திலோ என் நிலைமை வேறு விதத்தில் பரிதாபம். சாப்பிடப் பிடிக்கும் என்பது சமைக்கத் தெரியும் என்பதல்ல என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். வீட்டில் அம்மா என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கமே, விட்டதில்லை. (“நீ போய்ப் படி பிள்ளை.”) வெங்காயத்தை எந்தப் பக்கத்தால் வெட்டத் தொடங்குவது என்றே தெரியாமல் வந்து நின்ற ஒரே மாணவி நான்தான். எங்கள் ஆசிரியர் ஆர்னே ஒரு அலுமாரி அளவு மனிதர். அவர் வாயால் புள்ளி போடுவதில்லை, புருவத்தால் போடுவார். என்னுடைய முதல் மீன் உருண்டையை அவர் தட்டில் போட்டபோது அது டொக் என்று சத்தம் போட்டது. இரண்டு புருவமும் தொப்பிக்குள் போய்விட்டன.

ஆனால் கத்தவில்லை. “நாளைக்கு இன்னொருமுறை” என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் நான் கிண்டிய வெள்ளைச் சோஸில் ஒரு கட்டிகூட இல்லை. ஆர்னே கரண்டியைத் தூக்கி, அது வழிவதைப் பார்த்து, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வெஸ்ட்லிவரை ரயிலில் நான் நின்றுகொண்டே வந்தேன். இருக்கை இருந்தது. இருக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் போனதுதான் கொடுமை.

வீட்டில் சந்தேகங்கள் வராமலில்லை.

“ஏன் உன்ரை தலைமயிர் வெண்ணெய் மணக்குது?” என்று அம்மா கேட்டார்.

“வகுப்புக்குப் பக்கத்திலை கன்ரீன், அம்மா.”

ஒருநாள் என் பைக்குள் இருந்து இறைச்சிக்குள் குத்திச் சூடு பார்க்கும் வெப்பமானி விழுந்தது.  அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹோட்டல் குசினியில் தினமும் காண்கிற சாமான், பிடிபட்டேன் என்றே நினைத்தேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, “பார்த்தீரே, பௌதிகமும் சேர்த்துத்தான் படிப்பிக்கிறாங்கள்” என்றார். நம்ப விரும்புகிற மனிதருக்கு ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கான கடிதங்களை நானே வாசித்து, நானே மடித்து வைத்தேன். சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த மாதங்களில் அப்பா ‘என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன கணக்கு?’ என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

பெப்ரவரியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் திறந்த நாள் வந்தது. போன வருடம் நான் பணிஸ் தின்ற அதே நாள், இம்முறை கொடுக்கும் பக்கம். நிலக்கீழ்த் தளத்தில் மாணவர்கள் நடத்தும் சாப்பாட்டுக்கூடம் ஒன்று உண்டு. வருபவர்களுக்கு மீன் சூப்பும் கரமல் புடிங்கும். கரமல் என் பொறுப்பு. சீனியை வெறும் பாத்திரத்தில் போட்டு உருக்கி, பொன்னிறம் வந்ததும் இறக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும். மூன்று நிமிடம் பிந்தினால் புகைக்கும். ஆர்னே என்னிடம் சொன்ன ஒரே விதி: “சீனியை விட்டு நகராதே.”

அதே நேரத்தில் குரோருட்டில், அபி என்ன படிப்பது என்று முடிவு செய்யும் வேளை வந்துவிட்டதால், சிவம் மாமா அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். “தர்சி படிக்கிற அந்தக் கணக்குத் துறையை ஒருக்காப் பாப்பமே” என்று. (தர்சி நான்தான், முழுப் பெயர் தர்ஷிகா.) அப்பாவுக்கு அன்று விடுமுறை. கல்யாண வீட்டுக்கு மட்டும் காலில் போடும் நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அபி எனக்கு ஆறு குறுஞ்செய்திகள் அனுப்பினாள். கடைசிச் செய்தி: ‘அக்கா ஓடுங்கோ.’ சமையலறைக்குள் தொலைபேசி கொண்டுவர அனுமதியில்லை. ஆறு செய்திகளும் அலுமாரிக்குள் கிடந்தன.

வாசலில் வழிகாட்டிய மாணவியிடம் அப்பா மிடுக்காக, “என் மகள் மத்தெஃபாக் படிக்கிறாள், எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் உச்சரிப்பில் அது அந்தப் பிள்ளைக்கு மாத்ஃபாக் என்றே கேட்டிருக்கிறது. “இந்தப் படியால் இறங்குங்கள், மணம் வரும், அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்” என்றாளாம்.

“கணக்குக்கு என்ன மணம்?” என்று சிவம் மாமா தமிழில் கேட்டாராம்.  அப்பா அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

சமையலறைக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் இடையில் தட்டுகளைக் கொடுக்க ஒரு நீண்ட திறப்பு உண்டு. சீனி ஓரத்தில் உருகத் தொடங்கிய நேரம் நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் திறப்புக்கு அந்தப் பக்கம், ஐந்தாறு மீற்றர் தூரத்தில், என் அப்பா.

அவர் என்னைக் காணவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, சிவம் மாமாவிடம், “கன்ரீன் போலக் கிடக்கு. வந்தனாங்கள், சூப்பைக் குடிச்சிட்டு மேலை போவம்” என்றார். கதிரையை இழுத்து உட்கார்ந்தும்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அபி மட்டும் என்னைக் கண்டு, கழுத்தை வெட்டுவதுபோலக் கையால் காட்டினாள்.

ஒரு புத்தியுள்ள பிள்ளை என்ன செய்திருக்கும்? அடுப்பை நிறுத்திவிட்டு ஒளிந்திருக்கும். நான் அடுப்பை நிறுத்தாமல் ஒளிந்தேன். பால், கரட், மீன் எல்லாம் வைக்கும் பெரிய குளிரறை பக்கத்திலேயே இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பால் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். சூப் குடிக்கப் பத்து நிமிடம். பிறகு போய்விடுவார். அதுதான் திட்டம் முழுவதும்.

நாலு பாகை குளிர். தலைக்கு மேலே விசிறி இரைந்துகொண்டிருந்தது. வெளியே இருந்து ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. நான் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நேரத்தைக் கணக்கிட்டேன்: அறுநூறுவரை எண்ணினேன். (இரண்டு முறை பிழைத்து, திரும்பத் தொடக்கத்திலிருந்து எண்ணினேன். கணித மேதை.)

வெளியே நடந்ததைப் பிறகு பலர் சொல்ல, பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். சீனி கருகிக் கரும்புகை எழும்பியது. ஆர்னே ஓடிவந்து அடுப்பை நிறுத்திப் பாத்திரத்தை மூடினார். அதோடு ஆபத்து முடிந்தது. ஆனால் கூரையில் இருந்த கருவிக்கு அது தெரியாது. பள்ளிக்கூடம் முழுவதும் மணி அலறியது. மின்னியல் துறையைப் பார்க்க வந்தவர்கள், பாதி தலைமுடி வெட்டப்பட்ட ஒரு அம்மா, சூப் கரண்டியோடு சிவம் மாமா, எல்லாரும் முற்றத்துப் பனியில்.

அங்கே ஆர்னே தன் மாணவர்களை எண்ணினார். ஒருவர் குறைந்தது. திரும்ப எண்ணினார். பிறகு முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவர் கத்தியது அந்த ஒரே முறைதான்.

“தர்ஷிகா! தர்ஷிகாவைக் கண்டவர்கள் யார்?”

அப்பா திரும்பினார்.

“அது என்னுடைய மகள்” என்றார். “அவள் இங்கே இல்லை. அவள் மேலே. மத்தெ.”

“இல்லை,” என்றார் ஆர்னே. “அவள் என்னுடைய மாணவி. கரமல்.”

அப்பாவுக்கு அந்த நேரம் எதுவும் விளங்கவில்லை என்று சிவம் மாமா சொல்வார். ஒன்று மட்டும்தான் விளங்கியது: மணி அடிக்கிற கட்டடத்துக்குள் நான் இருக்கிறேன். கல்யாணச் சப்பாத்தோடு ஐஸில் ஓடினார். வழுக்கி விழுந்தார். எழும்பி மறுபடி ஓடினார். ஆர்னே பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அப்படியே இருவரும் நிற்கும்போதுதான் தீயணைப்பு வண்டி உள்ளே வந்தது.

நான் முந்நூற்று நாற்பதில் இருந்தேன். குளிரறைக் கதவு திறந்தது. தலைக்கவசமும் முகமூடியுமாக ஒரு உருவம் விளக்கோடு நின்றது.

“நீதான் தர்ஷிகாவா?”

பல் கிடுகிடுக்க நான் கேட்டேன்: “அப்பா போய்விட்டாரா?”

அந்த மனிதர் முகமூடியைக் கழற்றினார். “இல்லை,” என்றார். “வெளியே நின்று அழுகிறார்.”

நான் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் கோடு போட்ட சமையல்காரக் காற்சட்டையுமாக அந்த முற்றத்துக்குள் நடந்து வந்த தூரம் முப்பது அடி இருக்கும். அதைவிட நீளமான ஒரு தூரத்தை நான் இன்றுவரை நடந்ததில்லை. அப்பா ஓடிவந்து முதலில் என் கன்னத்தைத் தொட்டார், பிறகு கைகளை.

“ஐயோ, விறைச்சுப்போச்சு பிள்ளை” என்று தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினார். பொத்தான் பூட்டும்போதுதான் உள்ளே இருந்த சட்டையைக் கண்டார். பதினெட்டு வருடமாக அவர் தினமும் பார்க்கிற சட்டை. கை நின்றுவிட்டது.

“இது குசினிச் சட்டையெல்லே” என்றார்.

 சிவம் மாமா கரண்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: “அப்ப எங்கடை அபிக்கு இவ்வளவு நாளும் ஆர் கணக்குச் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் அப்பா அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தனான்” என்றாள் அபி.

வெஸ்ட்லிவரை ரயிலில் அப்பா எனக்கு எதிரே இருந்தார். சப்பாத்து ஈரத்தில் வாயைப் பிளந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

“சமையலோ?” என்று அம்மா நெஞ்சில் கைவைத்தார். “அதைப் படிக்கப் பள்ளிக்கூடமோடி? நான் வீட்டிலை சொல்லித் தந்திருப்பனே!”

“நீங்கள் என்னைக் குசினிக்குள்ளை விட்டனீங்களே, அம்மா?”

 அம்மாவுக்குக் கோபம் வந்தது. தேத்தண்ணி போடப் போய், கேத்திலைப் படாரென்று வைத்தார்.

அப்பா சோபாவில் இருந்தபடி ஒன்றே ஒன்று கேட்டார். “எனக்குப் பயந்தோ பிள்ளை அந்த ஐஸுக்குள்ளை போய் இருந்தனீ?”

“ஓம், அப்பா” என்றேன். இது முனகல் இல்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “பிழை என்ரையுந்தான்” என்றார். எனக்கு அழுகை வந்தது. பிறகு, “அந்தப் பாத்திரம் என்னவாச்சு?” என்று கேட்டார்.

“எந்தப் பாத்திரம்?”

“நீ எரிச்ச பாத்திரம்.”

மறுநாள் காலையில், தன் வேலை தொடங்குமுன், அப்பா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டு என்னைப் பொதுக்கல்விக்கு மாற்றச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். ஆர்னேயின் முன்னால் போய் நின்று, “அந்தப் பாத்திரத்தைத் தாருங்கள்” என்றார். அது குப்பைக்குப் போகத் தயாராக மூலையில் கிடந்தது. அடியில் விரல் தடிப்புக்குக் கறுப்புக் கண்ணாடி மாதிரிச் சீனி.

அப்பா சட்டைக் கையை மடித்தார். தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தார். சோடாத்தூள் கேட்டு வாங்கிப் போட்டார். சுரண்டவில்லை, உரஞ்சவில்லை. கொதிக்கவிட்டு, கை கட்டி நின்றார். வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது. வீட்டில் வரி அலுவலகக் கடிதத்தை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்கிற அப்பா, அங்கே தங்குதடையில்லாத நோர்வே மொழியில் விளக்கினார்: கருகிய சீனியோடு சண்டை பிடிக்கக் கூடாது, அதைத் தண்ணீரே கூட்டிக்கொண்டு போகும், பொறுமை வேண்டும், பாத்திரத்தைக் கீறினால் நாளைக்கு அந்தக் கீறலில் பால் அடிப்பிடிக்கும். நாற்பது நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் எங்கள் முகம் தெரிந்தது.

ஆர்னேயின் இரண்டு புருவங்களும் தொப்பிக்குள் போயின. பிறகு அவர் அப்பாவுக்குக் கை கொடுத்து, “வருடத்துக்கு ஒருமுறை வந்து இவர்களுக்கு இதைச் சொல்லித் தருவீர்களா?” என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அப்பா பஸ் தரிப்பிடத்தில் நின்று என்னிடம், “அந்த மனுசன் இவ்வளவு நேரத்துக்கும் ஒருத்தரிலையும் கத்தேல்லை, என்ன?” என்றார்.

“அவர் கத்துறேல்லை, அப்பா. நேற்றுத்தான் கத்தினவர்.”

“எங்கடை குசினியிலை எல்லாரும் கத்துவினம்,” என்றார். “கத்துறது கடைசியா வந்து நிக்கிறது கோப்பை கழுவுறவனிலை. அந்த இடத்துக்கு நீ வரக்கூடாது எண்டுதான் நான்...” பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பிச் சொன்னார்: “சமை. ஆனால் ஒருத்தரிலையும் கத்தாதை.”

நான் சமைத்தேன். இரண்டு வருடப் படிப்பும் இரண்டு வருடப் பயிற்சியும் முடித்துத் தொழிற்சான்றிதழ் எடுத்தேன். பட்டம் பெற்ற படத்துக்கென்று அப்பா வரவேற்பறையில் பல வருடமாக வெறுமையாக வைத்திருந்த சுவரில், அந்தச் சான்றிதழைத் தானே ஆணியடித்து மாட்டினார். கொஞ்சம் சரிவாக. இப்போது குரோருட் பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை என் பொறுப்பில். யாரிடமும் கத்துவதில்லை. ஆர்னே ஓய்வுபெறும்வரை அப்பா ஒவ்வொரு மாரியிலும் போய் அந்த வகுப்பை எடுத்தார். அதற்கு முதல்நாள் தலைமுடி வெட்டிக்கொள்வார்.

அபி மின்னியல் படித்தாள். அன்று அந்த மணி எப்படி அடித்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் போனாளாம். இன்று கட்டடங்களுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்துவது அவளுடைய தொழில். (சிவம் மாமா அந்தச் சூப் கரண்டியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.)

எங்கள் வெஸ்ட்லி வீட்டுக் கூரையிலும் ஒரு கருவி இருக்கிறது, அபி பொருத்தியது. அம்மா மிளகாய் வறுத்தால் அது அலறும். தீபாவளி, பிறந்தநாள், வீடு நிறையச் சனம், எதுவானாலும் சரி, மணி அடித்த உடனே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்ப்பார்கள். அந்த அறுபது வயது மனிதர் கதிரையிலிருந்து மெதுவாக எழும்புவார். அடுப்புப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். நேராகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பால் போத்தல்களை ஒதுக்கி, உள்ளே குனிந்து, மிகுந்த கவலையோடு கேட்பார்:

“தர்சி, உள்ளையோ பிள்ளை இருக்கிறாய்?”

நான் எங்கே நின்றாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்: “இல்லை அப்பா, வெளியிலைதான் நிக்கிறன்.” சொன்னால்தான் அவர் கதவைச் சாத்துவார்.